முப்பத்தொரு ஓடுகள்

மின்விசிறியை நிறுத்தியாயிற்று, ஜன்னலைச் சாத்தியாயிற்று, இனி தும்மாமல் இருந்தால் போதும். இந்த அறைக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் நாள் நாங்கள் சொல்வது இதைத்தான். மூச்சை மூக்கு வழியாக, மெதுவாக, பக்கவாட்டில் விடு, நேராக விட்டால் நாலைந்து லட்சம் வருஷம் பறந்துபோய் மேஜைக்கு அடியில் விழுந்துவிடும். மே மாதம், சனிக்கிழமை, மணி இரண்டேகால், வேர்வை கழுத்திலிருந்து முதுகில் இறங்குவது சொட்டுச் சொட்டாகத் தெரிகிறது. நுண்ணோக்கிக்கு அடியில் கறுப்பு அட்டை, அதில் அறுபது கட்டம், கட்டங்களில் ஒட்டாமல் கிடக்கிற முப்பத்தொரு ஓடு. மூன்று தடவை எண்ணிவிட்டேன். ஒவ்வொன்றும் ரவையைவிடச் சின்னது, ஃபோராம் என்று நாங்கள் சொல்கிற ஒற்றைச் செல் உயிர் கடலடியில் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு, உயிர் போய் வீடு மட்டும் மிச்சம். "நீ ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டேன்னா அனுப்பிருவேன் நாயகம்" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குச் சாப்பிடப் போயிருக்கிறாள். பூங்கோதை என் மனைவி. இந்த முப்பத்தொன்றும் அவள் பொறுக்கியெடுத்தது. மூன்று மணிக்கு வந்து கட்டுரையை அனுப்பப் போகிறாள், அது போய்ச் சேருகிற இடத்தில் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், என் கட்டுரைக்காக எங்கேயும் யாரும் காத்திருந்ததில்லை. வயிறு எரிகிறது. பசி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிட்டேன், அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தூரிகை நுனியை நாக்கில் நனைத்து ஆறாவது கட்டத்தில் இருப்பதைப் புரட்டுகிறேன். நாக்கில் வைக்காதே என்று எழுதி ஒட்டியிருக்கிறோம், எழுதி ஒட்டியதே நான்தான், ஆனால் எச்சில்பட்ட தூரிகைக்கு வருகிற ஓடு தண்ணீர் பட்டதற்கு வராது. சுருள் சுருளாக, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கின மாதிரி அறைகள். இந்த வகை திறந்த கடலில் வாழாது. ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்த காயலில்தான் வாழும், கடலின் முழு உப்பில் வேறு வகைகள், தடித்தவை, முள் வைத்தவை. ஆகவே கடலடிச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கு அடுக்காக வெட்டி, கழுவி, எந்த அடுக்கில் எந்த ஓடு கிடக்கிறது என்று பார்த்தால் அந்தக் காலத்துத் தண்ணீர் எவ்வளவு கரித்தது என்று சொல்லிவிடலாம். நாக்கே இல்லாமல் ருசி பார்க்கிற வேலை. எங்கள் கடலுக்கு ஒரு வாசல் இருந்தது, அதன் வழியாகப் பக்கத்துப் பெருங்கடலோடு தண்ணீர் போக்குவரத்து நடந்தது. ஒரு கட்டத்தில் வாசல் அடைத்துக்கொண்டது, உள்ளே அகப்பட்ட தண்ணீரில் ஆறுகள் வந்து விழுந்து விழுந்து கடல் காயலாகிவிட்டது. எப்போது அடைத்தது என்பதுதான் கேள்வி. சேற்றில் ஆழம் போகப் போகக் காலம் பழசு, பன்னிரண்டாவது மீட்டரில் என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் சொன்னவன் நான். அது என் முனைவர் பட்டம். அதற்குக் கீழே எல்லாம் திறந்த கடல், மேலே எல்லாம் காயல், கோடு கிழித்த மாதிரி, அதைத்தான் இன்றைக்கும் வகுப்பில் நடத்துகிறார்கள். பூங்கோதை புதிதாக ஒரு குழாய் இறக்கி, பதினான்கு மீட்டர் இருபதில், என் கோட்டுக்கு ஆள் உயரத்துக்கும் கீழே, காயல் ஓடு முப்பத்தொன்று இருக்கிறது என்கிறாள். அதாவது வாசல் எனக்குத் தெரியாமல் முன்னாலேயே ஒரு தடவை மூடித் திறந்திருக்கிறது. அதாவது நான் தப்பு. கட்டுரையில் அப்படிச் சொல்லவில்லை, அவள் சொல்ல மாட்டாள், முந்தைய ஆய்வில் அடுக்குகளின் இடைவெளி அதிகம் என்பதால் இது கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாள். போயிருக்கலாமாம். குழந்தைக்கு நெற்றியில் அடிபட்டால் ஊதிவிடுகிற குரலில் ஒரு வாக்கியம். நேராகத் திட்டி எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எரிச்சல் இன்றைக்கு ஆரம்பித்ததா என்ன. எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரே நுண்ணோக்கியை ஆளுக்கு அரைமணி நேரம் என்று பங்குபோட்டுக்கொண்டோம், நான் அரைமணியில் பன்னிரண்டு பொறுக்குவேன், அவள் நாற்பது பொறுக்கிவிட்டு மீதி நேரத்தில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த முணுமுணுப்பு பிடித்துத்தான் காதலித்தேன், சத்தியமாக, அந்த முணுமுணுப்புதான் இன்றைக்கு அடுத்த மேஜையிலிருந்து வந்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது. முதல் ரேங்க் எனக்கு, இரண்டாவது அவளுக்கு, ஊரெல்லாம் ஜோடிப் பொருத்தம் என்றார்கள். கல்யாணமாகி மகள் பிறந்து ஏழு வருஷம் அவள் வீட்டில் இருந்தாள், அந்த ஏழு வருஷம் நான் எவ்வளவு நல்ல கணவனாக இருந்தேன் தெரியுமா, சாயங்காலம் வந்து அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்வேன், "அது உடைஞ்ச ஓடா இருக்காது, வேற வகையா இருக்கும், திரும்பப் பாரேன்" என்று அடுப்படியிலிருந்து பார்க்காமலே சொல்வாள், மறுநாள் போய்ப் பார்த்தால் வேறு வகையாகத்தான் இருக்கும். அப்போதெல்லாம் பெருமையாக இருந்தது. வீட்டுக்குள் இருக்கிறவரை பெருமை. மறுபடி வேலைக்கு வரட்டும் என்று சிபாரிசு செய்தவனும் நான்தான், எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன். வந்த நாலாவது வருஷம் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஆய்வகத்துக்குப் போன் செய்தார், எடுத்தது நான், வணக்கம் சொல்லி என் பெயரைச் சொன்னேன், "ஓ, டாக்டர் பூங்கோதையின் உதவியாளரா" என்றார் மனிதர், ஆமாம் என்று சொல்லி ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். ஏன் ஆமாம் என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை அம்மா விஞ்ஞானி, அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை செய்வார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள், அதைப் பூங்கோதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு படித்துக்காட்டினாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குளிக்கப் போய் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. அவள் யாரோடாவது பழகினால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். இவள் ஐந்து லட்சம் வருஷத்துக்கு முந்தின கடலோடு பழகுகிறாள். சாப்பிடும்போது திடீரென்று கை நின்றுவிடும், "பாவம், வாசல் மூடினதும் அதுக்கு மூச்சு முட்டிருக்கும்லா" என்பாள், யாருக்கு என்று கேட்கவே வேண்டாம், என்னைப் பற்றி அந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை.

பதினேழாவது கட்டம். வெள்ளை. பதினெட்டு, வெள்ளை, கொஞ்சம் பழுப்பு. நீலம் இல்லை. நீலம் இருக்காது, அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் ஒரு மணி நேரமாக ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேற்றைச் சல்லடையில் கழுவும்போது ஓரிரண்டு ஓடு கம்பி வலையில் சிக்கிக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் வராது, அடுத்த சேற்றைக் கழுவும்போது சமர்த்தாகக் கழன்று அதில் போய் விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் கழுவி முடித்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவோம். சிக்கியிருக்கிற ஓடு நீலமாகிவிடும், அடுத்த சேற்றில் நீல ஓடு தென்பட்டால் அது இந்த இடத்தது அல்ல, வந்தேறி, எடுத்துப் போடு. இவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும். கட்டுரையின் நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் சல்லடை சாயத்தில் முக்கப்பட்டது, நீலக்கறை படிந்த ஓடு ஒன்றுகூட இல்லை, ஆகவே இந்த முப்பத்தொன்றும் இந்த அடுக்கைச் சேர்ந்தவையே. போன செப்டம்பரில் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், கோவில்பட்டிக்குப் போயிருந்தாள், காலையில் போன். "எட்டு சாம்பிள் ஊறிட்டிருக்கு நாயகம், இன்னைக்குக் கழுவலேன்னா ஓடெல்லாம் கரைஞ்சு போயிரும், கொஞ்சம் கழுவி அடுப்புல வச்சிருதியா." கழுவினேன். அதற்கு முன்னால் அதே சல்லடையில் என்னுடைய சேற்றைக் கழுவியிருந்தேன், மாணவர்களுக்குக் காட்ட எடுத்துவந்த இன்றைய காயல் சேறு, நேற்றுச் செத்த ஓடுகள். அதற்கு அடுத்து அவளுடைய முதல் சாம்பிள், பதினான்கு இருபது. இரண்டுக்கும் நடுவில் நீலத்தில் முக்கவில்லை. சாயம் தீர்ந்துபோயிருந்தது. இல்லை, தீரவில்லை, மேல் அலமாரியில் இருந்தது, ஸ்டூல் இல்லை. ஸ்டூல் இருந்தது. கரண்ட் போய்விட்டது, அவசரம். கரண்ட் போனது மத்தியானம், நான் கழுவியது காலை பத்தரைக்கு. சரி, பத்து மணிக்கு என்ன நடந்தது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், மாநாட்டின் தொடக்க உரை டாக்டர் பூங்கோதை, பக்கத்தில் அவள் புகைப்படம், வீட்டு மொட்டைமாடியில் நான் எடுத்தது. கீழே எடுத்தவன் பெயர் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். சாய பாட்டில் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது, முழங்கை இடிக்கிற தூரம், இடித்தது கூட, பாட்டில் ஆடி நின்றது. பார்த்தேன். கை நீளவில்லை. முக்காமல் இரு என்று யாரும் சொல்லவில்லை, நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது சாம்பிளிலிருந்து ஒழுங்காக முக்கினேன். பிறகு கழுவல் பதிவேட்டில் நீலம் என்கிற கட்டத்தில் எட்டு வரிக்கும் டிக் போட்டேன், முதல் வரிக்கும் சேர்த்து.

இந்த முப்பத்தொன்றில் எத்தனை அவளுடைய பழைய கடலுடையவை, எத்தனை என்னுடைய காயலில் நேற்றுச் செத்தவை? அந்த ஆண்டவனாலும் சொல்ல முடியாது. பழையது என்றால் உள்ளே மண் அடைத்து மங்கியிருக்கும், புதிது பளபளக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் இவள் சேறு நல்ல கெட்டிச் சேறு, ஐந்து லட்சம் வருஷத்தை நேற்று மாதிரி பொத்தி வைத்திருக்கிற சேறு. எல்லாமே அவளுடையதாகக்கூட இருக்கலாம். வலையில் ஒன்றிரண்டு சிக்கும், முப்பத்தொன்று எங்கே சிக்கப்போகிறது. சிக்கலாம், அன்றைக்குத் தேய்த்தேனா என்பதே ஞாபகம் இல்லை. சொல்லிவிடலாம். சொன்னால் கட்டுரை நின்றுவிடும், மாநாடு போய்விடும், அவள் மூன்று வருஷ உழைப்பின் மேல் நான் நின்றுகொண்டு இதை நம்பாதே என்று சொன்னதாகும், பன்னிரண்டாவது மீட்டர் பழையபடி என் பன்னிரண்டாவது மீட்டராக இருக்கும், ஆக, உண்மையைச் சொல்வது எனக்கு லாபம். சொல்லாமல் விட்டால்? புருஷன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாமா, இல்லை, ஐந்து வருஷம் கழித்து எவனோ ஒருவன் இன்னொரு குழாய் இறக்கி, பதினான்கு இருபதில் ஒன்றும் இல்லையே என்று கேட்பான், அப்போது அவள் மேடையில் நிற்பாள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்துவிட்டேன் தெரியுமா, அவள் புடவை நிறம்வரை தெரியும், அரக்கு. சொன்னாலும் பொறாமை, சொல்லாவிட்டாலும் பொறாமை என்றால் நான் எந்தப் பக்கம்தான் போவது. ஒரு தும்மல் போட்டால் போதும். கண்ணாடி மூடியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஒரே தும்மல், முப்பத்தொன்றும் தரைக்குப் போய்விடும், ஐயோ கோதை என்று தலையில் அடித்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் சேர்ந்து தரையைக் கூட்டலாம், அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள். மூக்கு உண்மையிலேயே அரிக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பிடித்தபடியே கண்ணாடி மூடியை எடுத்துத் தள்ளி மூடுகிறேன், மூடியான பிறகு மூச்சு விடுகிறேன், தும்மல் வரவேயில்லை. அப்படியானால் நான் அவ்வளவு மோசமில்லை. இதை நினைத்ததும் உள்ளே எங்கோ இளகுகிறது. நான் அவ்வளவு மோசமில்லை, சொல்லிவிடுவேன், எனக்கு லாபம் என்பதால் உண்மை பொய்யாகிவிடுமா, அவளுக்காகத்தான் சொல்கிறேன், நாளைக்கு மேடையில் அவமானப்படாமல் இருக்க இன்றைக்கே சொல்கிறேன், என் தப்பை நானே ஒப்புக்கொண்டு, பதிவேட்டில் பொய்யாக டிக் போட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், எத்தனை பேர் செய்வார்கள் இதை. நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை மாதத்தில் இப்படி இருந்ததே இல்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம், அவளுடையதுதான், இடது கால் கொஞ்சம் இழுத்து வைப்பாள்.

"என்ன, இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு" என்று கதவைத் திறந்தபடியே சிரித்தாள். "முடிஞ்சுதா? அனுப்பிரலாமா?"

"கோதை, உக்காரு."

உட்காரவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான் சொன்னேன். செப்டம்பர், எட்டு சாம்பிள், காயல் சேறு, முதல் சாம்பிளுக்கு முன்னால் சல்லடையை நீலத்தில் முக்காதது, டிக், எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை, அறிவிப்புப் பலகையைத் தவிர. என் குரல் தெளிவாக இருந்தது. எனக்கே ஆச்சரியம், வகுப்பில்கூட நான் இவ்வளவு கோர்வையாகப் பேசியதில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு இருபதுக்கு மட்டுந்தானா?"

"ஆமா. மத்த ஏழும் சுத்தம்."

"மத்த ஏழுலயும் புதுசா ஒண்ணும் கிடையாதே நாயகம்."

"தெரியும்" என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடி சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அந்த அடுக்கில் பாதி மண் கழுவாமல் பையில் இருக்கிறது, அதை அவளே கழுவிப் பார்ப்பதாகச் சொன்னாள், மூன்று மாதமாவது ஆகும், கட்டுரையை இப்போது அனுப்ப முடியாது, மாநாட்டுக்காரர்களுக்குத் திங்கட்கிழமை எழுதிவிடுகிறேன் என்றாள். யாருக்கோ சாமான் பட்டியல் சொல்வதுபோல இருந்தது. கணினியில் திறந்திருந்த கட்டுரையை மூடினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"அதுல இருந்தாலும் இருக்கும் கோதை" என்றேன். "மிச்ச மண்ணுலயும் கிடைச்சுதுன்னா உன் பேச்சு இன்னும் உறுதியாயிரும்லா. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டுட்டா உனக்குத்தானே சங்கடம், அதான் மனசு கேக்காம சொல்லிட்டேன்."

"சொன்னதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "நீ சொல்லாம இருந்தாத்தான் தப்பு."

எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள். மேஜையில் கிடந்த தாள்கள் படபடத்தன, அவற்றின் மேல் டப்பாவை வைத்தாள். திரும்பாமல், ஸ்விட்சிலிருந்து கையையும் எடுக்காமல் கேட்டாள்.

"சொல்லும்போது ஏன் நாயகம் சிரிச்ச?"

"சிரிச்சேனா? நானா?"

"ஆரம்பத்துலருந்தே."

கையை வாய்க்குக் கொண்டுபோனேன். உதடு இன்னும் விரிந்துதான் இருந்தது.